கண்ணாடிப் பெட்டியில் ஒரு மஞ்சள் கேன்

மனித குலம் வன்முறையிலிருந்து நிரந்தரமாக விடுபடுவதற்கான வழி, நைஜீரியாவின் ஜோஸ் நகரில், மோதல் மற்றும் அமைதிப் பேச்சுவார்த்தை உயராய்வு மையத்தின் இரண்டாம் மாடியில் வகுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை.

ஏறாததற்குக் காரணம் மோட்டார் என்று ஒரு குழு அறிக்கை கொடுத்தது. குழாய் என்று இன்னொரு குழு கொடுத்தது. இரண்டு குழுக்களுக்கும் சமரசம் செய்துவைக்க நியமிக்கப்பட்ட மூன்றாவது குழு இன்னும் கூடவில்லை. ஆகவே மையத்தில் வேலை செய்கிறவர்கள் காலையில் வீட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருவது வழக்கம்.

சுவாங் அங்கே பதினோரு வருடமாக விரிவுரையாளர். முனைவர் பட்டம் இன்னும் வாங்கவில்லை. எங்கள் மையத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி முனைவர்களுக்கு மட்டும். பேராசிரியர் என்றால் கைப்பிடியும் இருக்கும், நாற்காலி சுழலவும் செய்யும். வெறும் மிஸ்டர்களுக்கு இரண்டும் கிடையாது. பதினோரு வருடமாகச் சுவாங், எந்தக் கூட்டத்திலும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, உலகத்தின் சண்டைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய ஆய்வுத் தலைப்பு, 'கசோங் வட்டாரத்தில் வன்முறை திரும்பத் திரும்ப நிகழ்வது ஏன்?' கசோங் அவருடைய அம்மாவின் ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் வெள்ளீயம் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளத்தில் தண்ணீர் நின்று, அது பெரிய குட்டையாகிவிட்டது. மழை ஓய்ந்த மாதங்களில் மேற்குக் கரையில் எங்கள் பெரோம் இன ஆட்கள் பம்பு வைத்து உருளைக்கிழங்குக்கு இறைப்பார்கள். கிழக்குக் கரையில் மேய்ச்சல்கார ஃபுலானிகள் மாட்டை இறக்குவார்கள். மாடு ஹோஸை மிதிக்கும். யாராவது மாட்டை வெட்டுவான். மாட்டை வெட்டியவனை யாராவது வெட்டுவான். நான்கு வருடத்தில் முப்பத்தொரு பேர். சுவாங்கின் சித்தப்பா அதில் பன்னிரண்டாவது ஆள். ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் யாருக்கும் அமையாது என்று மையத்தில் எல்லோருக்கும் சுவாங் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ஜனவரியில், ஹர்மாட்டான் காற்றின் பாலைவனப் புழுதி மூக்கில் ஏற, நானூறு கேள்வித்தாள்களோடு சுவாங் கசோங் போனார். பதினேழாம் கேள்விதான் ஆய்வின் உயிர்: 'கடந்த ஒன்பது மாதங்களில் எத்தனை தாக்குதல்கள்?' முதல் வீட்டில் பூஜ்யம் என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே. நாற்பதாவது வீடு வருவதற்குள் சுவாங்குக்குக் காய்ச்சல் வரும் போல இருந்தது. நாற்பத்தொன்றாவது வீடு அவருடைய சின்னம்மா கனெங்கின் வீடு.

"போன ஏப்ரல்லேர்ந்து எத்தனை தாக்குதல், சின்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னடா யோசிக்கிறது? செத்திருந்தா தெரியாதா?"

"காயம்?"

"என் கால்ல முள்ளு குத்திச்சு. வேணும்னா எழுதிக்கோ."

அந்த நேரத்தில் தலையில் தயிர்ச் சுரைக்குடுக்கையோடு ஒரு ஃபுலானிப் பெண் நேராக முற்றத்துக்குள் வந்து, கேட்காமலே பாயில் உட்கார்ந்தாள். நான்கு வருடத்தில் அந்த முற்றத்துக்குள் ஃபுலானி நிழல்கூட விழுந்ததில்லை. சுவாங் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"இவ டக்கோ," என்றாள் சின்னம்மா. "இவ தம்பியைக் கொன்னது நம்ம ஆளுங்க. உன் சித்தப்பாவைக் கொன்னது இவ ஆளுங்க. சந்தையில ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல இடம். எத்தனை நாளைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டே உக்காந்திருக்கிறது? கழுத்து வலிக்குது."

"எனக்கு இந்தப் பக்கக் கழுத்து, இவளுக்கு அந்தப் பக்கம்," என்றாள் டக்கோ. இரண்டு பேரும் சிரித்தார்கள். சுவாங் சிரிக்கவில்லை, கேள்வித்தாளில் கழுத்துக்கு இடம் இல்லை.

பிறகு சின்னம்மா குட்டைக்கரையைக் காட்டினாள். கள்ளி வேலியில் ஒரு மஞ்சள் கேன் தொங்கிக்கொண்டிருந்தது. சமையல் எண்ணெய் வரும் இருபத்தைந்து லிட்டர் கேன். ஒரு பக்கம் அடுப்பில் பட்டு உருகியிருந்தது. காலையில் இறைப்பு முடிந்து ஹோஸைச் சுருட்டியதும் சின்னம்மா அதைத் தொங்கவிடுவாள். அதைப் பார்த்த பிறகுதான் கிழக்குக் கரையில் மாடு இறங்கும். மாடு போனதும் டக்கோ வந்து கேனைக் கீழே இறக்கி வைத்துவிடுவாள். அவ்வளவுதான். ஒன்பது மாதமாக அதுதான் நடக்கிறது.

"ஊர்த்தலைவர் ஒத்துக்கிட்டாரா?"

"அவரை யாரு கேட்டா? ஒரு மாட்டையும் தண்ணியில எறங்க விடமாட்டேன்னு சர்ச்சுல சத்தியம் பண்ணினவரு. இவங்க தலைவரு ஆர்டோ மட்டும் என்ன? பெரோம்காரன்கிட்ட நேரம் கேட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட மாட்டேன்னு பள்ளிவாசல்ல சொன்னவரு. ரெண்டு பேரும் தினம் இந்த வழியாத்தான் போறாங்க. கேன் பக்கத்துல வந்ததும் தலை அந்தப் பக்கம் திரும்பிக்கும்."

"இப்ப அவங்களுக்குத்தான் கழுத்து வலி," என்றாள் டக்கோ. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "குட்டை யாரோடதுன்னு மட்டும் யாரும் கேக்கல, தம்பி. கேட்டா முடிஞ்சுது. கேட்டா ரெண்டு பேரும் பதில் சொல்லியாகணும்."

"எழுதாதடா," என்றாள் சின்னம்மா.

"எழுத மாட்டேன், சின்னம்மா." அதைச் சொல்லும்போது சுவாங் அதை நம்பினார். டக்கோ தயிரில் கலக்கிக் கொடுத்த ஃபுராக் கூழை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு ஜோஸுக்கு வந்தார்.

அடுத்த வாரம் ஆய்வு முன்னேற்றக் கருத்தரங்கம். தலைமை, மையத்தின் இயக்குநர் பேராசிரியர் லாங்காட். அவர் இருபத்திரண்டு அமைதி ஒப்பந்தங்களுக்கு நடுவராக இருந்தவர். இருபத்தொன்று முறிந்துவிட்டன, இருபத்திரண்டாவதற்கு ஒரு தரப்பு இன்னும் வந்து சேரவில்லை. முறிந்த ஒவ்வொன்றைப் பற்றியும் அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். முறியாத ஒப்பந்தம் பற்றி அவருக்கு நூல் இல்லை.

பதினேழாம் கேள்விக்கான அட்டவணையைச் சுவாங் திரையில் காட்டினார். நானூறு பூஜ்யங்கள், வரிசை வரிசையாக.

"மிஸ்டர் சுவாங்," என்றார் பேராசிரியர், நாற்காலியைப் பாதி சுழற்றி. "உங்கள் தலைப்பு வன்முறை. உங்கள் களத்தில் வன்முறை இல்லை. அப்படியானால் உங்கள் ஆய்வேட்டில் என்ன இருக்கிறது?"

சுவாங் அடுத்த பக்கத்தைக் காட்டினார், அதிலும் பூஜ்யங்கள்தான்.

"தெற்குப் பக்கம் நல்ல வளமான வட்டாரங்கள் இருக்கின்றன," என்றார் ஒரு கைப்பிடி நாற்காலிக்காரர், அனுதாபத்தோடு. "போன வாரம்கூட நாலு பேர். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் ஐந்து வருடத்தில் முடித்துவிடலாம்."

ஐந்து வருடம். சுவாங் தன்னுடைய கைகளைப் பார்த்தார். அவை தொடையிடுக்கில் இருந்தன. அவர் கேனைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

பேராசிரியரின் நாற்காலி முழுச் சுற்றுச் சுற்றி நின்றது.

"இந்த அமைதிக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல, சார். ரெண்டு பொம்பளைங்க..."

"நடுவர் யார்?"

"இல்ல சார்."

"கண்காணிப்புக் குழு? தொடக்க விழா? முன்னுரை?"

"ஒரு கேன் இருக்கு, சார்."

பேராசிரியர் எழுந்து நின்றார். மையத்தில் அவர் எழுந்து நின்றால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், நின்றார்கள். "நண்பர்களே, வடிவம் இல்லாத அமைதி அமைதியே அல்ல. அது வன்முறை எடுத்துக்கொள்கிற விடுப்பு. முப்பது வருடமாக நான் இந்த நாட்டில் அமைதியை உண்டாக்கி வருகிறேன். என் அனுபவத்தில் ஒரு தடவைகூட மக்கள் தாங்களாகவே சண்டையை நிறுத்தி நான் பார்த்ததில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குத் தெரிவித்திருப்பார்கள். இந்தக் கசோங் மக்கள் ஒன்பது மாதமாக எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அமைதியாக இருந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற வேண்டியது நம் கடமை."

பலத்த கைதட்டல். கைப்பிடி நாற்காலிக்காரர் சுவாங்கின் காதில் சொன்னார்: "கவலைப்படாத. சார் கையில எடுத்துட்டாருன்னா உன் ஆய்வுக்குக் கண்டிப்பா ஏதாவது கிடைக்கும்."

ஏழு வண்டிகளில் உண்மை கண்டறியும் குழு கசோங் போனது. போய்ச் சேர்ந்தது காலை பத்து மணி, பம்பு ஓடும் நேரம். குழு குட்டையைச் சுற்றி வந்து அதன் ஆழத்தை ஊகித்தது. ஓட்டுநர்கள் குட்டையில் தண்ணீர் மொண்டு ஏழு வண்டிகளையும் கழுவினார்கள். கழுவிய சோப்பு நுரை ஹோஸ் வழியாக உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போனது.

பேராசிரியர் வேலியடியில் இருந்த கேனைக் கண்டுபிடித்தார். கைக்குட்டையால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். "அற்புதம்," என்றார். "மண்ணின் மைந்தர்களுடைய அமைதிக் கருவி." அது முதல் வண்டியின் பின்னிருக்கையில் ஏற்றப்பட்டு, அதற்கு சீட் பெல்ட் போடப்பட்டது.

"ஐயா, அதைக் கொடுங்க," என்று ஓடி வந்தாள் கனெங். "ரெண்டு மணிக்கு மாடு வரும்."

"அம்மா, இனி உங்களுக்குக் கேன் எதற்கு? ஒப்பந்தம் வரப்போகிறது." அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பங்கேற்றதற்கான சான்றிதழ். எதில் என்ற இடம் காலியாக இருந்தது.

கனெங் அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவாங்கைத் தேடினாள். சுவாங் கடைசி வண்டிக்குப் பின்னால் நின்று, கேள்வித்தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எழுத மாட்டேன்னு சொன்னியே."

"எழுதலையே, சின்னம்மா. வாயாலதான் சொன்னேன்."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் குறித்துக்கொண்டிருக்கலாம்.

அன்று பிற்பகல் அவள் வேலியில் ஒரு நீல வாளியைத் தொங்கவிட்டாள். எதிர்க்கரையில் மாடுகள் பொழுது சாயும் வரை நின்றன, இறங்கவில்லை. கடைசியில் டக்கோ கரையைச் சுற்றி ஓடி வந்து விசாரித்துப் போனாள். மறுநாளிலிருந்து நீல வாளி. அதோடு எல்லோரும் மையத்தை மறந்திருப்பார்கள். மையம் மறக்கவில்லை.

மார்ச்சில் ஜோஸில் ஒரு ஓட்டலின் பெரிய கூடத்தில் கையெழுத்து விழா. மேடை மேசையில் ஊர்த்தலைவர் டுங்கையும் ஆர்டோவையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் ஜன்னலையும் மற்றவர் தண்ணீர்ப் பாட்டிலையும் பார்த்தார். கனெங்கும் டக்கோவும் எந்தத் தரப்பிலும் சேராததால் கடைசி வரிசையில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால்.

எங்கள் ஊர் விழாக்களில் யார் பேச வந்தாலும் முதலில் மேடையில் உள்ள அத்தனை பேரையும் பட்டம், பதவி, வரிசை தவறாமல் விளிக்க வேண்டும். மேடையில் பத்தொன்பது பேர். பேசியவர்கள் பதினான்கு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற துணை ஆணையரை விட்டுவிட்டதால் முதலிலிருந்து ஆரம்பித்தார். அமைதி என்ற சொல் முதன்முதலாக உச்சரிக்கப்பட்டபோது மணி ஒன்று.

மாநில அமைதித் துறை ஆணையர் பேசினார்: "இந்த அரசு பதவிக்கு வந்த பிறகு கையெழுத்தான அமைதி ஒப்பந்தங்கள் முந்தைய அரசு செய்ததைப் போல மூன்று மடங்கு. ஒரே கிராமத்தில் நான்கு முறைகூடச் செய்திருக்கிறோம். இதிலிருந்தே எங்கள் ஆர்வம் உங்களுக்குப் புரியும்."

பிறகு பேராசிரியர் லாங்காட் ஒப்பந்தப் படிவத்தை எடுத்தார். அது அவரே வடிவமைத்தது. இருபத்திரண்டு ஒப்பந்தங்களுக்கும் அதே படிவம்தான். முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு நிரப்பப்பட்டது. கைதட்டல். சண்டைக்கான பொருள்: குட்டை. கைதட்டல். நான்காவது கட்டத்துக்கு வந்தார். மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

"பொருளின் உரிமையாளர். குட்டை யாருக்குச் சொந்தம்?"

கடைசி வரிசையில் டக்கோ எழுந்துவிட்டாள். "ஐயா, அதைக் கேக்காதீங்க!"

"அம்மா, கேள்வி நேரம் மதிய உணவுக்குப் பிறகு."

டுங் ஜன்னலிலிருந்து திரும்பினார். ஆணையர் பார்க்கிறார், தன் ஊரார் பார்க்கிறார்கள், கேமரா பார்க்கிறது. "எங்களுக்கு," என்றார். "எங்க தாத்தன் மண்ணு."

ஆர்டோ தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து திரும்பினார். "தோண்டினவன் வெள்ளைக்காரன். நிரப்பினவன் ஆண்டவன். இதுல உன் தாத்தன் எங்க வந்தான்?"

"உன் மாடு என் அனுமதி இல்லாம ஒரு வாய் குடிச்சிருக்கா? சொல்லு."

"ஒரு வருஷமா தினம் குடிக்குது. நீ தலையைத் திருப்பிக்கிட்டுப் போனா எனக்குத் தெரியாதா?"

கூடம் எழுந்து நின்றது. டுங் மேடையிலிருந்து கடைசி வரிசையைப் பார்த்துக் கத்தினார்: "எவடீ வாளியைத் தொங்கவிட்டது?"

பேராசிரியரின் முகம் மலர்ந்திருந்தது. "பார்த்தீர்களா!" என்றார் மைக்கில். "புதைந்து கிடந்த மோதல் வெளியே வந்துவிட்டது. இதைத்தான் நாங்கள் மூன்றாம் கட்ட வெற்றி என்கிறோம்." பழக்கத்தில் சிலர் கைதட்டினார்கள்.

ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. சோறும் கோழியும் தயார் என்று அறிவித்தபோது மட்டும் நாற்பத்தொரு பேர் வரிசையில் நின்று, பொட்டலத்துக்காக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பின்னாளில் அச்சான ஒப்பந்தத்தில் பின்னிணைப்பாக இருப்பது அந்தத் தாள்தான்.

ஊர் திரும்பியதும் டுங் குட்டைக்குக் காவல் போட்டார். சொன்ன சொல் சொன்னதுதான், கேமராவுக்கு முன்னால் வேறு சொல்லிவிட்டார். ஆர்டோவின் இளைஞர்கள் மறுநாள் காலையிலேயே, பம்பு ஓடும் நேரத்தில், வேண்டுமென்றே மாட்டை இறக்கினார்கள். நான்காம் நாள் பம்புகள் எரிந்தன. இரண்டு வாரத்தில் பதினான்கு பேர். அதில் ஒருவன் கனெங்கின் மூத்த மகன். டக்கோவின் குடியிருப்பு முழுவதும் எரிந்தது. அவள் எந்தப் பக்கம் போனாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சந்தையில் இரண்டு இடங்களும் காலி.

சுவாங் மறுபடி கேள்வித்தாளோடு போகவேண்டியிருந்தது. இந்த முறை பல வீடுகளில் ஆள் இல்லை. ஆனாலும் பதினேழாம் கேள்விக்கு எண்கள் கிடைத்தன. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அட்டவணையைத் தடவிப் பார்த்தார். "முதலில் பூஜ்யம், பிறகு இந்த ஏற்றம். எவ்வளவு தெளிவான ஒப்பீடு! இப்படி ஒரு களம் அமைய அதிர்ஷ்டம் வேண்டும்." சுவாங் நன்றி சொன்னார்.

ஜூனில் பட்டம் வந்தது. அன்று மாலையே அறைக்குக் கைப்பிடி நாற்காலி வந்தது. பேராசிரியரின் இருபத்திரண்டாவது நூல், 'கசோங்: ஒரு முன்மாதிரி', செப்டம்பரில் வெளியானது. மஞ்சள் கேன் இரண்டாம் மாடி வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கோடு வைக்கப்பட்டது. 'உள்ளூர் அமைதி நெறிமுறை' என்று பித்தளைத் தகடு.

நவம்பரில் ஒரு காலை, கனெங் மையத்துக்கு வந்தாள். ஜோஸில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஊர் எரிந்தவர்களுக்கான முகாமில் இருக்கிறாள் என்று சுவாங்குக்குத் தெரியும். போய்ப் பார்க்க வேண்டும் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். காவலாளி அவளை மேலே விடாததால் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சுவாங் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்ல சட்டை," என்றாள்.

"சின்னம்மா, நான்..."

"உன் ஞாயத்தைக் கேக்க வரலடா. முகாம்ல தண்ணி லாரி வருது, பிடிக்க ஒண்ணுமில்ல. என் கேனைக் கொடு. அது என் கேன்."

"அது இப்ப மையத்தோட சொத்துப் பதிவேட்டுல இருக்கு."

"அதுல என் அடுப்புச் சூடு இருக்கு. போய்ப் பாரு, ஒரு பக்கம் உருகியிருக்கும்."

சுவாங் எழுந்தார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக, யாரையும் கேட்காமல் ஒன்றைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டிரண்டு படியாக ஏறினார். பெட்டியின் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. பித்தளைத் தகடு பளபளத்தது. கேன் இல்லை.

"எங்கே?" என்று துப்புரவுப் பணியாளரைக் கேட்டார்.

அவர் தாழ்வாரக் கோடியைக் கண்ணால் காட்டினார். "வழக்கமா காலையில கீழேயிருந்து ரொப்பிக் கொண்டாந்து வச்சிடுவேன், சார். விருந்தாளிங்க வந்தா மட்டும் கழுவித் திருப்பி வைக்கணும்."

கழிப்பறைக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சுவாங் கதவுக்கு வெளியே நின்றார். கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் லாங்காட் கைகளைத் துடைத்தபடி வெளியே வந்தார். சுவாங்கைப் பார்த்ததும் சகஜமாகத் தலையசைத்தார்.

"இன்னும் பாதி இருக்கு, டாக்டர்."

கீழே கனெங் காத்திருந்தாள். சுவாங் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அன்று காலை வீட்டில் முடித்துக்கொண்டு வர அவருக்கு நேரம் இருந்திருக்கவில்லை.